முதல் பக்கத்தைத் தாண்டாத ஆராய்ச்சி

அமெரிக்கக் கல்லூரி: உள்ளிருந்து – 9

டிசம்பர் முதல் வாரத்திலும் மே முதல் வாரத்திலும் அமெரிக்கக் கல்லூரி நூலகங்களில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஒரு பக்கம் இருப்பார்கள். இன்னொரு பக்கம், மடிக்கணினியில் ஏகப்பட்ட கட்டுரைகளைத் திறந்துவைத்துக்கொண்டு, எதையும் முழுதாகப் படிக்காமல், “இன்னும் மூணு பக்கம் தேத்தணுமே” என்று தலையில் கைவைத்திருக்கும் ஒரு கூட்டம். முதலாண்டு எழுத்து வகுப்பின் கடைசி ஆராய்ச்சிக் கட்டுரையை முடிக்கப் போராடுகிறவர்கள் இவர்கள்.

போன வாரம், கல்லூரிக்குள் நுழைவதற்காக எழுதும் கட்டுரையைப் பார்த்தோம். இது நுழைந்த பிறகு எழுதியே தீரவேண்டியது. பொறியியல் படிக்க வந்தவரோ, நர்ஸிங் படிக்க வந்தவரோ, இந்த வகுப்பைத் தாண்டாமல் பட்டம் வாங்குவது அரிது. பல கல்லூரிகளில் ஆங்கிலம் 101, 102 என்று எண்போட்டு இரண்டு பருவம் நடத்துகிறார்கள். ஷேக்ஸ்பியருக்கு இங்கே பெரிதாக வேலை கிடையாது. கட்டுரை எழுதப் பழக்குவதுதான் பாடம். பதினைந்து வாரத்தில் நான்கைந்து கட்டுரைகள். அவற்றில் கடைசியும் பெரியதும் ஆராய்ச்சிக் கட்டுரை. எட்டு முதல் பத்துப் பக்கம், இரட்டை வரி இடைவெளி, டைம்ஸ் நியூ ரோமன் எழுத்து, ஆறேழு ஆதாரங்கள், அவற்றில் பாதியாவது ஆய்விதழ்களில் வந்தவை. மரண தண்டனை, கருக்கலைப்பு, துப்பாக்கிச் சட்டம், கஞ்சா ஆகிய நான்கு தலைப்புகளுக்கும் பல ஆசிரியர்கள் முதல் நாளே தடைபோட்டுவிடுவார்கள். ஒரே கட்டுரையை எத்தனை வருஷம்தான் படிப்பது!

இந்த வகுப்பு பிறந்த இடம் ஹார்வர்டு. 1869-இல் அங்கே தலைவராக வந்த சார்லஸ் எலியட், கிரேக்கமும் லத்தீனும் கோலோச்சிய பாடத்திட்டத்தில் ஆங்கிலத்துக்கு உரிய இடம் வேண்டுமென்று நினைத்தவர். 1872-இல் பத்திரிகையாளராக இருந்த ஆடம்ஸ் ஷெர்மன் ஹில்லை எழுத்து கற்பிக்க அழைத்துவந்தார். 1874-இல் நுழைவுத் தேர்விலேயே ஆங்கிலக் கட்டுரை சேர்க்கப்பட்டது. ஷேக்ஸ்பியர் நாடகங்கள் மூன்று, கோல்ட்ஸ்மித்தின் ஒரு நாவல், வால்டர் ஸ்காட்டின் இரண்டு நூல்கள் என்று முன்கூட்டியே பட்டியலும் கொடுத்திருந்தார்கள். அப்படியும், பெரிய பள்ளிகளில் படித்துவிட்டு வந்த வசதியான வீட்டுப் பையன்களில் பாதிக்கு மேல் தேறவில்லை. 1885-இல் முதலாண்டு மாணவர்களுக்கு ‘இங்கிலீஷ் ஏ’ என்ற வகுப்பு வந்தது. மற்ற கல்லூரிகளும் பின்தொடர்ந்தன. “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை” என்ற புலம்பலுக்கு வயது நூற்றைம்பது ஆகிவிட்டது என்பதை, இன்றைக்கு அதையே புலம்புகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

கதை போதும். கட்டுரை எப்படி எழுதப்படுகிறது என்று பார்ப்போம். நான் சில ஆண்டுகள் ஒரு சமுதாயக் கல்லூரியின் எழுத்து உதவி மையத்தில் வேலை பார்த்தேன். மாணவர்கள் கட்டுரையோடு வருவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து படித்து, கேள்வி கேட்பது எங்கள் வேலை. திருத்திக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அங்கே வந்த ஒரு பெண் பகலில் முதியோர் இல்லத்தில் உதவியாளர், மாலையில் மாணவி. அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, நர்ஸ்கள் பற்றாக்குறை.

இது பத்துப் பக்கத்துக்குள் அடங்குகிற தலைப்பா? ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கே பற்றாக்குறை, எப்போதிருந்து, அதனால் யாருக்கு என்ன ஆனது என்று மூன்று கேள்விகளை ஓரத்தில் எழுதியிருந்தார். அந்தப் பெண் தேடிப்போனபோது கலிபோர்னியாவின் சட்டம் கண்ணில் பட்டது. ஒரு நர்ஸ் ஒரே நேரத்தில் எத்தனை நோயாளிகளைப் பார்க்கலாம் என்று உச்சவரம்பு விதிக்கும் சட்டம் அது. 1999-இல் நிறைவேறி, 2004-இல் நடைமுறைக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நோயாளிக்கு ஒரு நர்ஸ். பொது வார்டில் முதலில் ஆறு பேருக்கு ஒருவர், பிறகு ஐந்து பேருக்கு ஒருவர். அமெரிக்காவில் இப்படி எல்லா வார்டுகளுக்கும் சட்டம் போட்ட முதல் மாநிலம் அதுதான். “அந்தச் சட்டத்தால் நோயாளிகள் பிழைத்தார்களா?” என்று கேள்வி சுருங்கியது. இப்போது அது கட்டுரைக்கான கேள்வி.

அடுத்த முறை வந்தபோது கையில் ஏழு பக்கம் இருந்தது. கலிபோர்னியச் சட்டம் உயிர்களைக் காப்பாற்றியது நிரூபிக்கப்பட்டுவிட்டதாக இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தார். ஆதாரமாக லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவும் 2002-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு. நர்ஸிங் துறையில் பெயர்பெற்ற ஆய்வு அது: ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று சொன்னது. மேற்கோள் காட்டிய முறையில் ஒரு பிழை இல்லை. ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், பக்க எண், சாய்வெழுத்து, கமா எல்லாம் அந்தந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன.

ஆனால் அந்த ஆய்வு நடந்தது பென்சில்வேனியாவில். 168 மருத்துவமனைகள், 1998, 1999-ஆம் ஆண்டுகளின் விவரங்கள். கலிபோர்னியாவில் சட்டம் நடைமுறைக்கு வர அப்போது இன்னும் நான்கைந்து ஆண்டு பாக்கி. நாட்டின் இன்னொரு கோடியில், சட்டம் வருவதற்கு முன்பே நடந்த ஆய்வு, அந்தச் சட்டம் பலித்ததா என்று எப்படிச் சொல்லும்?

“இந்தக் கட்டுரையை முழுதாகப் படித்தீர்களா?” என்று கேட்டேன்.

“சுருக்கத்தைப் படித்தேன்” என்றார்.

பென்சில்வேனியா என்பது சுருக்கத்திலேயே இருக்கிறது. அதையும் அவர் மேய்ந்திருக்கிறார். 7 சதவீதம் கண்ணில் பட்டதும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். குற்றம் சொல்லத் தோன்றவில்லை. எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்த்துவிட்டு வருகிறவர், ஏழு ஆதாரம் என்ற எண்ணிக்கையைப் பூர்த்திசெய்ய வேண்டியவர். அன்றைக்கு அந்த ஒரு ஆய்வை மட்டும் இருவரும் உட்கார்ந்து படித்தோம். அட்டவணைகளில் புரியாத இடங்களைத் தாண்டிவிட்டு, யாரை எண்ணினார்கள், எங்கே எண்ணினார்கள், எதைச் சொல்லத் தயங்கினார்கள் என்று மட்டும் பார்த்தோம். பிறகு அவரே இன்னொன்றைத் தேடி எடுத்தார். அதே எய்க்கன் 2010-இல் வெளியிட்டது, கலிபோர்னியாவை நியூஜெர்சியோடும் பென்சில்வேனியாவோடும் ஒப்பிடுவது. கலிபோர்னிய நர்ஸ்கள் சராசரியாக ஒரு நோயாளி குறைவாகப் பார்த்தார்கள். மற்ற இரண்டு மாநிலங்களும் அந்த அளவைக் கடைப்பிடித்திருந்தால் இறப்புகள் குறைந்திருக்கும் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. பரவாயில்லை, கேள்விக்கு அருகில் வந்துவிட்டோம். ஆனாலும் சட்டத்துக்கு முன், சட்டத்துக்குப் பின் என்று ஒரே மாநிலத்தை இரண்டு காலத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு அல்ல அது. அப்படிப் பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை.

கடைசியில் அவர் எழுதியது முன்பைவிடச் சின்ன வாதம். சட்டத்தால் நர்ஸ்களின் சுமை குறைந்தது உறுதி. சுமை குறைந்த இடங்களில் இறப்பும் குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. இந்தச் சட்டம்தான் உயிர்களைக் காத்தது என்று அறுதியிட்டுச் சொல்ல இது போதாது. முதல் வடிவத்திலிருந்த வீராப்பு போய்விட்டது. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். எனக்கு, அந்தப் பருவத்தில் என் மேஜைக்கு வந்தவற்றில் ஆராய்ச்சி என்று சொல்லத்தக்கது அது ஒன்றே.

இது ஒரு மாணவியின் கதை என்று தள்ளிவிட முடியாது. ரெபேக்கா மூர் ஹவர்டு, சாண்ட்ரா ஜேமிசன் என்ற இரண்டு பேராசிரியைகள் ‘சைட்டேஷன் ப்ராஜெக்ட்’ என்ற பெயரில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 16 கல்லூரிகளிலிருந்து 174 மாணவர் கட்டுரைகளை எடுத்து, அவற்றிலுள்ள மேற்கோள்களை மூலத்தோடு ஒத்துப்பார்த்தார்கள். எவ்வளவு பொறுமை வேண்டும்! மேற்கோள்களில் 46 சதவீதம் மூலத்தின் முதல் பக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டிருந்தன. முதல் இரண்டு பக்கங்களைச் சேர்த்தால் ஏறக்குறைய 70 சதவீதம். படித்ததன் சாரத்தைத் தன் வார்த்தையில் சுருக்கிச் சொன்ன இடங்கள் மிகச் சொற்பம். ஒரு வரியைப் பிடுங்கி எடுப்பதும், அந்த வரியின் சொற்களை அங்கங்கே மாற்றிப் போடுவதும்தான் மிகுதி. வரியைப் பிடுங்குவதற்கு, மூலம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஏன் இப்படி? வகுப்பில் எதற்கு மதிப்பெண் என்று பாருங்கள். ஆதாரங்களின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் உண்டு, மேற்கோள் வடிவத்துக்கு உண்டு. படித்தாயா என்று சோதிக்க இடமே இல்லை. வடிவம் என்பது எம்.எல்.ஏ. நடை, சட்டமன்றத்துக்கு இதில் பங்கில்லை, நவீன மொழிச் சங்கம் என்ற அமைப்பு வகுத்தது. 1951-இல் ஒரு சிறு நடைத்தாளாக வெளிவந்து, 1977-இல் மாணவர் கையேடாக வளர்ந்தது. 1984-இல் வந்த இரண்டாம் பதிப்பு அடிக்குறிப்பை ஓரங்கட்டிவிட்டு, ஆசிரியர் பெயரையும் பக்க எண்ணையும் வரிக்குள்ளேயே அடைப்புக்குறியில் போடச் சொன்னது. 2009 பதிப்பின்படி ஒவ்வொரு ஆதாரத்திலும் ‘அச்சு’ அல்லது ‘வலை’ என்று எழுத வேண்டும். 2016 பதிப்பு அதைத் தூக்கிவிட்டது. பதிப்பகம் எந்த ஊர் என்பதையும் பெரும்பாலும் தேவையில்லை என்றது. ஆக, 2015-இல் ‘அச்சு’ என்று எழுதாததற்காகத் தம்பிக்கு மதிப்பெண் போயிருக்கும். 2017-இல் எழுதியதற்காகத் தங்கைக்குப் போயிருக்கும். பக்க எண் போடச் சொல்வதில் நியாயம் இருக்கிறது, படிக்கிறவர் அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பக்கத்துக்கு யார் போகிறார்கள்? ஆசிரியரும் போவதில்லை.

இந்தக் குறையைத் துறைக்குள்ளேயே பலர் சொல்லிவிட்டார்கள். ரிச்சர்ட் லார்சன் 1982-இல் ‘காலேஜ் இங்கிலீஷ்’ இதழில், ஆராய்ச்சிக் கட்டுரை என்று தனியாக ஒரு எழுத்து வகையே கிடையாது என்று வாதிட்டார். ஆராய்ச்சி எந்த எழுத்துக்கும் வேண்டியதுதான். அதைப் பருவத்தின் கடைசிக் கட்டுரைக்கு மட்டும் உரியதாக ஒதுக்கிவைப்பதால், மற்ற கட்டுரைகளுக்குத் தேடிப் படிக்க வேண்டாம் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பது அவருடைய கவலை. அதற்கு இரண்டு வருடம் முன்பே கென் மெக்ரோரி வேறு வழி காட்டியிருந்தார். தனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை மாணவர் தேடட்டும். என்ன தெரிந்திருந்தது, எங்கே போய்க் கேட்டேன், என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று தேடலின் கதையாகவே எழுதட்டும் என்றார். சில ஆசிரியர்கள் இன்றும் அப்படி எழுதவைக்கிறார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. தேடிய கதையைச் சுவையாகச் சொல்லிவிட்டு, தேடியதைப் படிக்காமலே தப்பிக்க இதிலும் வழி இருக்கிறது.

இந்த நிலையில்தான் 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. நாளைக் கவனியுங்கள்: அமெரிக்கக் கல்லூரிகளில் கடைசிக் கட்டுரைகள் எழுதப்படும் நேரம். பத்துப் பக்கம், கச்சிதமான எம்.எல்.ஏ. நடை, மேற்கோள் பட்டியல், எல்லாம் சில நிமிடத்தில். பட்டியலில் சில நூல்கள் உலகத்திலேயே இல்லாதவை என்பதுதான் வேடிக்கை. எல்லாரும் பதறினார்கள். முதல் பக்கத்தைத் தாண்டாமல் வரிகளைப் பிடுங்கிக் கோப்பதைத்தான் பல காலமாக ஆராய்ச்சி என்று வாங்கிக்கொண்டிருந்தோம். அந்த வேலையை இயந்திரம் இன்னும் வேகமாகச் செய்கிறது என்று சொல்ல அதிகம் பேர் முன்வரவில்லை.

பிடிப்பதற்கும் இயந்திரம் வந்தது. அங்கேதான் நம் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்புக் கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று கருவிகள் தீர்ப்புச் சொல்லிவிட்டன. எளிய சொற்கள், எதிர்பார்க்கத்தக்க வாக்கியங்கள் இருந்தால் சந்தேகம் வருகிறதாம். பள்ளியில் இலக்கணச் சுத்தமாக, மாதிரி வாக்கியங்களைப் பார்த்துப் பார்த்து ஆங்கிலம் பழகிய சென்னை, கோவைப் பிள்ளைகள் எழுதுவது அப்படித்தானே இருக்கும்! சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, தன்னுடைய கண்டுபிடிப்புக் கருவி சரியாக வேலை செய்யவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் எடுத்துவிட்டது. ஆகவே அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது: குறிப்புகளை, முதல் வடிவத்தை, திருத்திய வடிவங்களை எல்லாம் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதினால் மாற்றங்களின் வரலாறு தானாகவே சேர்ந்துகொண்டிருக்கும். வீண் பழி வந்தால் காட்டுவதற்கு அதுதான் துணை.

ஆசிரியர்கள் ஏன் மூலத்தைப் பார்ப்பதில்லை என்றும் கேட்க வேண்டும். இந்த வகுப்புகளில் பெரும்பகுதியைப் பகுதிநேர ஆசிரியர்களும் மேற்படிப்பு மாணவர்களும்தான் நடத்துகிறார்கள். ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் வேண்டாம் என்று எழுத்தாசிரியர்களின் தேசிய அமைப்பு சொல்கிறது. அந்த வரம்பைக் காப்பாற்றினாலும், நான்கு வகுப்பு எடுப்பவரிடம் பருவக் கடைசியில் 80 கட்டுரைகள், 800 பக்கங்கள் வரை வந்து விழும். சில நாளில் மதிப்பெண் பதிவுசெய்தாக வேண்டும். அதிலும் ஓரத்தில் குறிப்பெழுதுகிற நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குறிப்பு மாணவர் கைக்குப் போகும்போது வகுப்பு முடிந்துவிட்டது. மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு கட்டுரையைத் திறந்து பார்க்கிறவர் எத்தனை பேர்?

மாணவர் எழுத்தை ஊன்றிப் படித்தவர்களும் உண்டு. 1970-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் நகரத்தின் பள்ளி இறுதி வகுப்பு முடித்த எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டபோது, எழுத்துப் பயிற்சியே இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். மைனா ஷாக்னஸி என்ற ஆசிரியை ஏறக்குறைய 4,000 மாணவர் கட்டுரைகளை வைத்துக்கொண்டு, பிழைகளுக்குள்ளும் ஒரு தர்க்கம் இருப்பதைக் கண்டு, 1977-இல் புத்தகமாக எழுதினார். மாணவர் எழுதியதை அப்படி ஊன்றிப் படிக்க நேரம் வேண்டும். பருவத்தின் கடைசி வாரம் அந்த நேரத்தைத் தராது.

என் தீர்ப்பு இதுதான்: ஆராய்ச்சிக் கட்டுரை கடைசிக் கட்டுரையாக இருக்கக் கூடாது. பத்தாவது வாரம் வாங்கிவிட வேண்டும். மீதி ஐந்து வாரமும் அதே கட்டுரையோடு இருக்கட்டும். ஏழு ஆதாரங்களுக்குப் பதில் மூன்று போதும். மூன்றையும் முழுதாகப் படித்து, ஒவ்வொன்றும் யாரை எண்ணியது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசட்டும். பாதி மதிப்பெண்ணை அதற்குக் கொடுங்கள். இயந்திரப் பயத்தால் சில கல்லூரிகளில் இப்படி நேரில் கேட்கும் வழக்கம் இப்போது தலைகாட்டுகிறது. காரணம் எதுவானாலும் நல்லது.

அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பள்ளியிலேயே கல்லூரிப் பாடத்துக்கு ஈடாக எழுதும் ஏ.பி. ஆங்கில மொழித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி இந்த வகுப்பைத் தாண்டிவிட்டால் மூன்று கிரெடிட் மிச்சம் என்று கணக்குப் போடுகிறீர்கள். பணக் கணக்கு சரிதான். அந்தத் தேர்வில் ஆதாரங்களைக் கேள்வியோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கமோ அதற்கும் குறைவோ. தேடவும் வேண்டாம், இருபது பக்க ஆய்வில் முட்டிமோதவும் வேண்டாம். தேடிப் படிக்கும் பழக்கம் முதல்முறையாகத் தேவைப்படும்போது பிள்ளை மூன்றாம் ஆண்டில் இருப்பான். சொல்லிக்கொடுக்க அங்கே யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

வகுப்பில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, பத்துப் பக்கத்தை முடித்துவிட்டுக் கடைசி வாரம் எழுத்து மையத்துக்கு ஓடாதீர்கள். அந்த வாரத்தில் அங்கே யாருக்கும் நேரம் கிடைக்காது. ஆறாவது, ஏழாவது வாரத்தில், புரியாத ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்துக்கொண்டு போங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.